பழைய கேமைச் சிபாரிசு செய்து நான் கெடுத்த காரியங்கள்

இந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்கு வீடு நிறைந்திருந்தது. இழை எடுக்கிற சடங்கை முடித்துப் பெரியவர்கள் முகப்புக்குப் போய்விட, பிள்ளைகள் அத்தனை பேரும் டிவி முன்னால். என் ஆச்சி மகன் (அக்காவை நாங்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்) சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து, “வாழ்க்கைல ஒரு தடவையாவது ஆடிறணும்டா, மொத்தம் பத்து கேம்” என்று போனில் எழுதி வைத்திருந்த பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தான். முதல் பெயர், கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரைக்குடியில் 1997 முதல் ஆறு வருஷம் டிவி கேம் கடை நடத்தியவன் நான். மணிக்குப் பத்து ரூபாய். அந்தப் பட்டியலை, அதே முதல் பெயரோடு, அதே தோரணையில் நானும் எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். பரீட்சை நேரத்தில் கொடுக்காதே, ரத்தம் தெறிப்பதைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன்.

கஷ்டமானதை முதலில் நீட்டுவது

கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ் 1985இல் கேப்காம் என்ற ஜப்பான் கம்பெனி கொண்டுவந்தது. ஒரு அடி பட்டால் வீரன் கவசம் கழன்று உள்ளாடையோடு நிற்பான். இன்னொரு அடியில் எலும்புக்கூடு. உயிரைக் கொடுத்துக் கடைசிவரை போனால், “இது பிசாசின் மாயை, முதலிலிருந்து வா” என்று திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது தடவையும் முழுக்க ஆடினால்தான் உண்மையான முடிவு. நல்ல கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக உட்காருகிறவனுக்கு அதைக் கொடுப்பது, காரமே தொடாத ஆளுக்கு முதல் கவளத்திலேயே மிளகாயை ஊட்டுகிற மாதிரி.

இந்த விவேகம் மாரியோ கேமைச் செய்த நிண்டெண்டோ கம்பெனிக்கே இருந்தது. 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாவது மாரியோவில் முதல் ஸ்டேஜிலேயே விஷக்காளான் உண்டு. நல்ல காளான் என்று ஓடிப்போய்த் தொட்டால் செத்தோம். அமெரிக்கர்களுக்கு இது தாங்காது என்று அப்போது அதை அங்கே அனுப்பவே இல்லை. வேறு ஒரு கேமை எடுத்து, ஆட்களை மாற்றி, அதற்கு மாரியோ 2 என்று பெயர் வைத்து விற்றார்கள். செய்தவர்களே யோசித்துக் கொடுத்த பண்டத்தை நாம் ஏன் யோசிக்காமல் கொடுக்க வேண்டும்?

வருஷத்தை ஒப்பிப்பது

“பேக்மேன் 1980, நாம்கோ, செய்தவர் தோரு இவாதானி.” சரி, அதை வைத்து எதிரே இருப்பவன் என்ன செய்வான்? வருஷத்துக்குப் பதிலாக ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் மறிக்கும். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்போது துரத்திவிட்டு, கிட்டே வந்ததும் தன் மூலைக்கே ஓடிவிடும். நீலம் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கண்டுபிடிக்கவே அவன் இன்னும் ஒரு மணி நேரம் ஆடுவான்.

டிவியைப் பார்க்காமல் கேமைச் சொல்வது

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது.

2017இல் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) எழுபது வயதுப் பீமரத சாந்தி. டல்லாஸிலிருந்து அண்ணன் வருகிறார். சின்ன வயதில் விடுதியில் தங்கிப் படித்தவர், எங்கள் கூட்டத்தில் டிவி கேம் தொடாமல் வளர்ந்த ஒரே ஆள். கிளம்புவதற்கு முன்னால் போனில் கேட்டார்: “தம்பி, நீங்கள்லாம் அப்படி என்னத்தடா கண்டீங்க அதுல? எனக்கும் ஒண்ணு சொல்லு, பாப்போம்.” நாற்பது வயதுக்காரர் வாய்விட்டுக் கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின வருஷம்தான் நிண்டெண்டோ தன் பழைய கேம்களில் 30ஐ ஒரு குட்டிப் பெட்டிக்குள் போட்டு விற்றிருந்தது. அதை வாங்கிக்கொண்டு வாங்கண்ணே என்றேன். அந்தச் சமயத்தில் கடைகளில் தட்டுப்பாடு. யாரிடமோ கேட்ட விலைக்கு வாங்கிவந்தார்.

விசேஷம் முடிந்த மறுநாள் மத்தியானம். வந்தவர்கள் பாதிப்பேர் கிளம்பியிருந்தார்கள். வீட்டில் அப்போதுதான் வாங்கிய 55 அங்குல எல்இடி டிவி. பெட்டியை மாட்டி, மாரியோவைப் போட்டு, அண்ணன் கையில் ரிமோட்டைக் கொடுத்தேன். கேம் ஆடக் கையில் பிடிக்கிற கன்ட்ரோலருக்கு எங்கள் ஊரில் பெயர் ரிமோட்தான். முதல் ஸ்டேஜ். முதலில் நடந்துவருகிற காளான்காரனிடமே செத்தார். சரி, எல்லாரும் அங்கேதான் சாவார்கள். அடுத்துப் பள்ளத்தில் விழுந்தார். மறுபடி பள்ளம். மறுபடியும்.

“அமுக்குனேனேடா தம்பி.”

“இன்னும் கொஞ்சம் முன்னாடியே அமுக்குங்கண்ணே.”

அவர் சொன்னது உண்மை. நான் சொன்னதுதான் அபத்தம். இருபது நிமிஷம் கழித்து ரிமோட்டைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகவே சொன்னார்: “பழசு பழசுதான்டா. உங்களுக்குச் சின்ன வயசு ஞாபகம், அதனால இனிக்குது.” பெட்டி பெட்டகத்துக்குள் போனது. அதோடு சரி, அவர் எந்தக் கேமையும் தொடவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். கேம் கடையை மூடிய பிறகு நான் டிவி, மொபைல் சர்வீஸ் பார்க்கிறேன். ஒருவர் தன் பையனோடு வந்து, “இவன் டிவி லேட்டா வேலை செய்யுதுங்கிறான்” என்றார். வீட்டுக்குப் போய்ப் படத்துக்கான செட்டிங்கில் ‘கேம் மோட்’ என்று இருந்ததைப் போட்டுவிட்டேன். பையன் முகம் மலர்ந்தது. எனக்கு அண்ணன் முகம் ஞாபகம் வந்தது.

விஷயம் இதுதான். பழைய டியூப் டிவி, சிக்னல் வர வரத் திரையில் கோடு கோடாக அடித்துக்கொண்டே போகும். தாமதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய டிவி வருகிற படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெருகேற்றும். புள்ளிகளை நீக்கும், நிறத்தைக் கூட்டும், இரண்டு படத்துக்கு நடுவே தானாக ஒரு படத்தைச் செருகி ஓட்டத்தை வழுவழுப்பாக்கும். நடுப்படம் செருக வேண்டுமானால் அடுத்த படம் வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? சினிமா பார்க்கிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. சத்தத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடும். ஆடுகிறவருக்குத்தான் அமுக்குவது ஒரு நேரம், குதிப்பது ஒரு நேரம்.

எவ்வளவு தாமதம்? கேம் மோட் போடாமல் 100 மில்லி செகண்டைத் தொடுகிற, தாண்டுகிற டிவிகள் உண்டு. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். மாரியோ ஒரு செகண்டுக்கு 60 படம். ஆக 100 மில்லி செகண்ட் என்பது 6 படம். முழு வேகத்தில் ஓடுகிற மாரியோ ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி (பிக்சல்) நகர்வான். ஆறு படத்துக்கு 15 புள்ளி. அந்தக் கேமில் ஒரு கல்லின் அகலம் 16 புள்ளி. அதாவது திரையில் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்து நீங்கள் அமுக்கும்போது, உள்ளே மாரியோ ஏறக்குறைய ஒரு கல் தள்ளிப் போய்விட்டான். பள்ளத்துக்கு மேலே, அந்தரத்தில். அங்கிருந்து யாராலும் குதிக்க முடியாது.

நோன்பன்று இதை ஆச்சி மகனுக்கு வாயால் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினான். ஏறவில்லை என்று தெரிந்தது. அந்த ஒன்பது வயதுப் பையனை எழுப்பி வளவுப் (நடு முற்றம்) பக்கம் கூட்டிப்போனேன். தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல், ஓரத்தில் ஒரு படி இறக்கம், கீழே வளவு. “ஓடி வா, கடைசிக் கல்லுக்கு வந்ததும் கை தட்டு. ஆனா குதிக்காத. நான் குதின்னு சொன்னப்புறம்தான் குதிக்கணும்.” ஓடிவந்தான், தட்டினான். நான் ஒரு கல் தூரம் கழித்துச் சொன்னேன். அதற்குள் வளவில் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்து, “அம்மான், நீங்கதான் லேட்டு” என்றான். ஆச்சி மகனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று அவன் செய்திருந்தது இதைவிட மோசம். கேமைப் போனில் ஓடவிட்டு, வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பி, ரிமோட்டும் புளூடூத், சத்தம் வெளி ஸ்பீக்கரில் அதுவும் புளூடூத். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் போடும். நான்கும் சேர்ந்தால் கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸைச் செய்தவரே வந்தாலும் முதல் கல்லறையைத் தாண்டமாட்டார். அதை வைத்துக்கொண்டு அந்தப் பையனிடம், “உனக்குக் கை வரலடா” என்கிறான்! எனக்கு எரிகிற இடம் இதுதான். சாமான் கோளாறைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம். அவனும் நம்பிவிடுகிறான்.

எனவே கேம் பெயரைச் சொல்லும் முன்னால் எந்த டிவி என்று கேளுங்கள். முதலில் கேம் மோட் போடச் சொல்லுங்கள். 20 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்கிவிடும் டிவிகள் இருக்கின்றன. சில டிவிகளில் அந்தப் பெயர் இருக்காது, வயர் செருகிய இடத்தின் பெயரைக் கம்ப்யூட்டர் என்று மாற்றினால் அதே வேலை நடக்கும். போனிலிருந்து அனுப்புவதென்றால் வயர்தான். வீட்டில் கம்ப்யூட்டர் மானிட்டர் இருந்தால் டிவியை விட அது மேல். எதுவுமே சரிப்படாவிட்டால் கேமை மாற்றுங்கள். 1990இல் வந்த மங்கி ஐலண்ட் இருக்கிறது. சுட்டிக்காட்டி, பேசி, யோசித்து ஆடுவது. அதில் அரை செகண்ட் தாமதமானாலும் யாரும் சாகப்போவதில்லை.

இதற்குத் தம்பி போல இன்னொரு தப்பு, ஐரோப்பாவில் விற்ற பதிப்பை எடுத்துக் கொடுப்பது. அங்கே அந்தக் காலத்து டிவி 50 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 50 படம்), ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. 1991இல் வந்த முதல் சோனிக்கை ஐரோப்பியப் பெட்டியில் போட்டால், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து பாட்டும் இழுத்து இழுத்துப் பாடும். வேகத்துக்கென்றே பிறந்த முள்ளெலி அது.

வரைபடம் இல்லாமல் காட்டில் விடுவது

1986இன் செல்டா. தொடங்கியதும் ஒரு வெட்டவெளி, மூன்று பக்கம் வழி, கையில் வாள்கூடக் கிடையாது. மேலே இருக்கிற குகைக்குள் போனால் ஒரு கிழவர் தருவார். இது அந்தக் காலத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் பெட்டியோடு கையேடும் பாதி உலகம் வரைந்த வரைபடமும் வந்தது. நமக்கு வந்ததெல்லாம் உறை இல்லாத கேசட். அதனால் என் கடையில் செல்டா போட்டவர்கள் பத்து நிமிஷத்தில் எழுந்து போனார்கள். நானும் “மொக்கை கேம்” என்று ஒதுக்கிவைத்தேன், பல வருஷம். கையேட்டையும் வரைபடத்தையும் தாளில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். அதுவும் கேமின் பாதி.

ஆயிரம் கேம் பெட்டி

கொடுக்காதீர்கள். 9999 என்று போட்டிருந்த கேசட்டில் எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு கேம்தான் திரும்பத் திரும்ப வரும் அந்தக் காலத்தில். அது ஏமாற்றுதான், ஆனாலும் அந்த ஏழெட்டை ஒழுங்காக ஆடினோம். இப்போது உண்மையிலேயே ஆயிரம் இருக்கிறது. பிள்ளைகள் பட்டியலை உருட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

முடிவைச் சொல்வது

ஃபைனல் ஃபேண்டஸி 7 கேமைப் பற்றிப் பேசும்போது வாயைக் கட்டுங்கள்.

ரிமோட்டைப் பிடுங்குவது

கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

30 உயிரை ஒளித்து வைப்பது

கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் தலைப்புத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர். “அது ஏமாற்று, மூணு உயிர்ல ஆடு” என்று வீரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் பேசினேன். அந்த வித்தை முதலில் வந்தது கிரேடியஸ் என்ற கேமில். அதை வீட்டு டிவிக்கு மாற்றிச் செய்த கஸுஹிஸா ஹாஷிமோட்டோவுக்கே அந்தக் கேம் கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்கத் தனக்கென்று வைத்துக்கொண்டது. செய்தவர் கூச்சப்படவில்லை, நமக்கென்ன? இரண்டு பேராக உட்கார்ந்து அறுபது உயிரையும் செலவழித்து, சிரித்துக்கொண்டே சாகட்டும். மூன்று உயிரில் முடிக்கிற வெறி பிறகு தானாக வரும். வராவிட்டாலும் குற்றமில்லை.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் ஒரு வேலை. பழைய சாமான் கடைகளில் பர்மாத் தேக்குத் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் என்ன விலை சொல்கிறார்கள் தெரியுமா! டியூப் டிவியை மட்டும் யாரும் பழம்பொருளாகச் சேர்ப்பதில்லை. விசாரித்ததில், எடைக்குப் போட வைத்திருந்த 21 அங்குலப் பெட்டி ஒன்று 400 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆள். அண்ணன் வாங்கிவந்த குட்டிப் பெட்டியை அதில் நேராக மாட்ட முடியாது, அது புது டிவிக்கென்றே செய்தது. அதனால் என் கடைக் காலத்துப் பெட்டியையும் ஒரு மாரியோ கேசட்டையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, மாட்டிப் பார்த்தேன். அமுக்கினால் குதிக்கிறான், அந்தக் கணமே.

தைக்குப் பிறகு அண்ணன் வருகிறாராம், கோயில் படைப்புக்கு. டிவியை இரண்டாம் கட்டில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, மேலே வேட்டி போட்டு மூடியிருக்கிறேன். ஆச்சிக்கு அது இடைஞ்சல். இரண்டு தடவை கேட்டுவிட்டார், எப்போது எடுப்பாய் என்று.