காஞ்சிபுரத்துக்கு ஒருநாள் ட்ரிப் போறவங்க பண்ற தப்புங்க, அதுல ஒண்ண நெனச்சா இன்னும் வயிறு எரியுது

போன ஞாயித்துக்கிழமை ஏகாம்பரநாதர் கோயில் வாசல்ல நிக்கறேன், மணி 12 தாண்டிடுச்சு, நாலு பசங்க ஆட்டோல இருந்து குதிச்சு ஓடி வர்றாங்க, ஒருத்தன் கையில செருப்பு, இன்னொருத்தன் வாயில பாதி வடை. நடை சாத்தியாச்சு, நாலு மணிக்கு வாங்கப்பான்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு. பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு நிக்கறாங்க, ஆட்டோக்காரர் மட்டும் எங்கயும் போகல, என்ஜின கூட ஆஃப் பண்ணல, "சார் நாலு மணி வரைக்கும் வெயில்ல என்ன பண்ணப்போறீங்க, வாங்க பட்டு சொசைட்டி காட்டறேன், சும்மா பாருங்க போதும்"ங்கறாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. எட்டு எட்டு வச்சு கிட்ட போய் சொல்றதுக்குள்ள நாலு பேரும் ஏறி ஆட்டோ கிளம்பிடுச்சு.

அதே வாசல், அதே நேரம், அதே வார்த்தை. 2017-ல நானும் என் ஃப்ரெண்ட் முரளியும் அப்படித்தான் ஏறினோம். அதுக்கப்புறம் ஆபீஸ் ஆளுங்க, சித்தப்பா குடும்பம், வெளிநாட்டுல இருந்து வந்த ஃப்ரெண்ட்ஸுன்னு இருபது தடவைக்கு மேல அந்த ஊருக்கு ஆள் கூட்டிட்டு போயிருக்கேன், அந்த அனுபவத்துலதான் எழுதறேன். தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, கால் சுடும், சில்லறை வச்சுக்கோங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

பத்தரைக்கு மேல ஊருக்குள்ள நுழையறது

சென்னையில இருந்து 75 கிலோமீட்டர்தானே, மெதுவா கிளம்பலாம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. தூரம் கம்மிதான், ஆனா அங்க பெரும்பாலான கோயில்ல 12 மணிவாக்குல நடை சாத்தினா திரும்ப 4 மணிக்குத்தான் திறப்பாங்க. பத்தரைக்கு போய் சேர்ந்தீங்கன்னா உங்க கையில இருக்கறது ஒன்றரை மணி நேரம், அதுல ஒரு கோயில் ஒழுங்கா பாக்கலாம், அவ்வளவுதான்.

நாங்க போனப்ப முரளி காலையில ஏழு மணிக்கு வர்றேன்னான், வந்தது எட்டே முக்கால். சட்டை அயர்ன் பண்ணிட்டு இருந்தானாம். வழியில ஸ்ரீபெரும்புதூர்ல டிஃபனுக்கு நிறுத்தினோம், பொங்கல் சாப்ட்டான், அப்புறம் பூரி சொன்னான், அப்புறம் பக்கத்து டேபிள்ல வந்த தோசைய பாத்துட்டு அதையும் சொன்னான். டேய் லேட்டாகுதுடான்னா, "கோயில் 1,300 வருஷமா அங்கயேதான் இருக்கு மச்சி, பொங்கல் பத்தரைக்கு தீர்ந்துடும்"ங்கறான். அவன் சொன்னதுல தப்பில்ல, நாங்க எழுந்திருக்கும்போது பொங்கல் நெஜமாவே தீர்ந்துடுச்சு. காஞ்சிபுரம் போய் சேரும்போது மணி 11:50, கிருஷ்ணதேவராயர் 1509-ல கட்டின அந்த ராஜகோபுரத்த அண்ணாந்து பாத்து ரெண்டு போட்டோ எடுத்தோம், உள்ள போக திரும்பினா கதவு மூடறாங்க.

காலையில 5:30-க்கு கிளம்புங்க. எட்டுக்குள்ள முதல் கோயில்ல இருக்கணும்.

அந்த நாலு மணி நேரத்துல பட்டுப்புடவை வாங்கறது

இதத்தான் விலாவாரியா சொல்லணும். நடை சாத்தினதுக்கு அப்புறம் வெயில் கொளுத்துது, உக்கார நெழல் இல்ல, அப்ப ஒருத்தர் ஏசி போட்ட இடத்துக்கு ஃப்ரீயா கூட்டிட்டு போறேன்னா யாருதான் மாட்டேம்பாங்க. கஸ்டமர கொண்டு வந்து விட்டா ஆட்டோவுக்கு கமிஷன், அது நம்ம பில்லுலதான் ஏறும், இது கூட பரவாயில்ல. அவர் 'சொசைட்டி'ன்னு சொன்னது சொசைட்டியே கிடையாது, தனியார் கடை. நெசவாளர் கூட்டுறவு சங்கங்க காஞ்சிபுரத்துல நெஜமாவே நிறைய இருக்கு, அதோட போர்டுல பட்டு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம்னு நீட்டமா முழுப்பேரும் எழுதியிருக்கும். நாங்க போன இடத்துல அப்படி ஒரு போர்டும் இல்ல, உள்ள நுழைஞ்ச உடனே மோர் குடுத்தாங்க, ஓரமா ஒரு தறி, அதுல யாருமே நெய்யல.

முரளியோட அம்மா அப்பாவுக்கு ரெண்டு மாசத்துல அறுபதாம் கல்யாணம். இவன் வாய சும்மா வச்சிருக்கணும்ல, கடைக்காரர்கிட்ட அத சொல்லிட்டான். உடனே பாய் விரிச்சு ஒண்ணு, ரெண்டு, முப்பது புடவை விரிச்சுட்டாங்க. இலைப்பச்சை உடம்பு, அரக்கு பார்டர், அன்னப்பட்சி ஜரிகை, அசல் கோர்வைன்னு சொல்லி 18,500. நாங்களும் பேரம் பேசறோம்னு 500 குறைச்சோம், முரளி பாதி, நான் பாதி போட்டு வாங்கினோம், ஏன்னா அவங்கம்மா எனக்கு மூணு வருஷம் சோறு போட்டவங்க.

வீட்டுக்கு கொண்டு போனா அவனோட பெரியம்மா வந்திருந்தாங்க. புடவைய கையில வாங்கி முன்பக்கம் பாக்கவே இல்ல, நேரா திருப்பி பார்டர் சேர்ற இடத்துல விரல வச்சு தடவினாங்க, ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல புடிச்சாங்க, "இது கோர்வையே இல்லடா கண்ணா"ன்னாங்க. எனக்கு அன்னிக்குத்தான் விஷயம் புரிஞ்சது. கோர்வையில உடம்புக்கு ஒரு நாடா (குறுக்கு நூல இழுத்துட்டு தறியில அங்கயும் இங்கயும் ஓடற கட்டை), ரெண்டு பார்டருக்கும் தனித்தனியா ஒண்ணு ஒண்ணு, மொத்தம் மூணு நாடா ஓடும், நெய்யறவருக்கு பக்கத்துல இன்னொருத்தர் உதவிக்கு உக்காரணும், ஒவ்வொரு இழையும் பார்டர் சேர்ற இடத்துல இன்னொரு இழையோட கோர்த்துக்கிட்டு திரும்பும். அதனால பச்சை பச்சையா நிக்கும், அரக்கு அரக்கா நிக்கும், பின்பக்கம் தடவினா அந்த கோர்த்த இடம் லேசா மேடா விரல்ல படும். எங்க புடவையில ஒரே ஊடை, அதாவது குறுக்கு நூல், இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது, அரக்கு பார்டர வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா அதுக்குள்ள பச்சை சாயல் அடிக்குது. அந்த பச்சைய ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் கண்ணுக்கு வேற எதுவும் தெரியாது.

ஜரிகைய பெரியம்மா நகத்தால லேசா சுரண்டினாங்க. அசல் ஜரிகைன்னா நடுவுல சிவப்பு சாயம் ஏத்தின பட்டு இழை இருக்கும், அது மேல வெள்ளி சுத்தி தங்க முலாம் குடுத்திருப்பாங்க. இதுல சுரண்டினா வெள்ளை நூல் எட்டிப்பாக்குது.

பட்டா இல்லையான்னு பாத்தா, பட்டுதான். சில்க் மார்க் லேபிளும் இருந்தது. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அந்த லேபிள் நூல் சுத்தமான பட்டுன்னு மட்டும்தான் சொல்லும், கைத்தறியில நெய்ததா, கோர்வையா, ஜரிகை அசலா, இது எதையும் அது சொல்லாது. கைத்தறிக்கு தனி முத்திரை இருக்கு, அத கேட்டு வாங்கணும். அசல் கைத்தறி கோர்வைக்கு குடுக்க வேண்டிய காச நாங்க சாதா புடவைக்கு குடுத்துட்டு வந்தோம். திரும்ப போய் கேட்டதுக்கு பில்லுல 'பட்டுப்புடவை 1'னு மட்டும்தானே போட்டிருக்கு, கோர்வைன்னு நாங்க எங்க எழுதினோம்னு கேட்டாங்க. காசு போனதுல பாதி கோவம்தான். ஊருக்குள்ள ஒருத்தர் பக்கத்துல ஆள் வச்சுக்கிட்டு நாள்கணக்கா தறியில உக்காந்து ஒரு கோர்வை புடவை நெய்யறாரே, அவர் பேர சொல்லி இத வித்தாங்களே, மீதி கோவம் அதுக்குத்தான், அது இன்னும் அடங்கல.

அவங்கம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு அதத்தான் கட்டினாங்க. பெரியம்மா சொன்னது அவங்க காதுக்கு போகாம பாத்துக்கிட்டோம்.

வாங்கறதா இருந்தா வீட்டுலயே பட்ஜெட் முடிவு பண்ணிட்டு, விவரம் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர கூட கூட்டிட்டு, இன்னொரு நாள் தனியா போங்க. கோயில் பாக்க போன அன்னிக்கு மத்தியானம் பிள்ளையார்பாளையம் பக்கம் நடங்க, தெருவுல போகும்போதே வீட்டுக்குள்ள இருந்து டக் டக்னு தறி சத்தம் கேக்கும். வாசல்ல நின்னு, அண்ணே பாக்கலாமான்னு கேளுங்க, வேலைக்கு நடுவுல பெரும்பாலும் உள்ள வாங்கம்பாங்க. பத்து நிமிஷம் அந்த மூணு நாடா ஓடறத கண்ணால பாத்துட்டா கடையில யாரும் உங்கள ஏமாத்த முடியாது.

ஒரே நாள்ல எல்லா கோயிலும்

முடியாது. நாலு போதும்.

கைலாசநாதர் கோயில்ல இருந்து இருபது நிமிஷத்துல வெளிய வர்றது

காலையில முதல்ல இங்கதான் போகணும், ரெண்டு மணி நேரம் ஒதுக்கணும். ராஜசிம்ம பல்லவன் கட்டினது, மணல்கல்லு, காலை வெயில் சாய்வா விழும்போது மதில ஒட்டி வரிசையா இருக்கற 58 குட்டி சந்நிதியும் ஒண்ணொண்ணா மஞ்சளா எரியும். அவசரப்பட்டு கர்ப்பகிரகம் மட்டும் பாத்துட்டு வர்றவங்க அந்த மாடத்துக்குள்ள குனிஞ்சே பாக்கறதில்ல, சிலதுல பல்லவர் காலத்து ஓவியம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு கண்ணு, ஒரு விரல், கொஞ்சம் சிவப்பு. முன்மண்டபத் தூண் ஒண்ணுல கன்னட கல்வெட்டு இருக்கு, படையெடுத்து வந்து ஊர ஜெயிச்ச சாளுக்கிய ராஜா ரெண்டாம் விக்கிரமாதித்தன் இந்த கோயில் சொத்த பாத்து அசந்து போய் எடுக்காம திருப்பி குடுத்துட்டேன்னு வெட்டி வச்சது. எதிரி ஊர் கோயில்ல எதிரியே எழுதி வச்ச கல்லு. அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கறவங்களுக்கு அது என்னன்னே தெரியல, அதான் எனக்கு வருத்தம்.

கர்ப்பகிரகத்த சுத்தி ஒரு குறுகலான வழி இருக்கு, தவழ்ந்துதான் போகணும், மறுபிறவி இல்லைன்னு நம்பிக்கை. ரெண்டாவது தடவை போனப்ப முரளி நான் போறேன்னு இறங்கிட்டான். பாதி உடம்பு உள்ள, பாதி வெளிய, அப்படியே நின்னுட்டான். பின்னாடி பத்து பேர் க்யூல. குருக்கள் எட்டிப்பாத்து ரொம்ப நிதானமா, "மூச்ச வெளிய விட்டுட்டு வாங்கோ, காலையில என்ன சாப்ட்டேள்"னு கேக்கறாரு. உள்ள இருந்து குரல் மட்டும் வருது, "பொங்கல் சாமி". க்யூ மொத்தமும் சிரிச்சுடுச்சு. உடம்பு கொஞ்சம் பெருசுன்னா இத ட்ரை பண்ண வேண்டாம், மூச்சு திணறும், நெஜமாவே சொல்றேன்.

கண்ட ஓட்டல்ல காஞ்சிபுரம் இட்லி கேக்கறது

டம்ளர்ல ஊத்தி கடுகு தாளிச்சு தர்றது அது இல்ல. மூங்கில் குடலையில மந்தாரை இலை வச்சு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் போட்டு மணிக்கணக்கா ஆவியில வேகறதுதான் கோயில் இட்லி, வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியம் ஆகறது. சின்ன காஞ்சிபுரத்துல கோயில் பக்கம் விசாரிங்க, காலையிலயே தீர்ந்துடும்.

அத்தி வரதர் எங்கன்னு கேக்கறது

வரதராஜர் கோயில் குளத்துல, தண்ணிக்குள்ள. நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளிய எடுப்பாங்க: 1979, 2019, அடுத்தது 2059.

வைகுண்டப்பெருமாள் கோயில விடறது

பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடக்கற தூரம், ஆனா கூட்டமே இருக்காது. சுத்துப் பிராகாரச் சுவர் முழுக்க பல்லவ ராஜாக்கள் கதைய வரிசையா செதுக்கியிருக்கு, சண்டை, பட்டாபிஷேகம், தூது வர்றவங்கன்னு. பன்னெண்டுக்குள்ள ரெண்டாவதா இத பாத்துடுங்க.

வரதராஜர் கோயில்ல பல்லிய தொட்டுட்டு கிளம்பறது

சாயங்காலம் நடை திறந்ததும் ஏகாம்பரநாதர், அப்புறம் கடைசியா இங்க வாங்க. எல்லாரும் தங்கப்பல்லிய தொடற க்யூலயே நின்னுட்டு போயிடறாங்க, நூத்துக்கால் மண்டபத்த எட்டிக்கூட பாக்கறதில்ல. தூண்ல குதிரை வீரனுங்க பாயறாங்க, மேல மூலையில ஒரே கல்லுல வெட்டின சங்கிலி வளையம் வளையமா தொங்குது.

முரளிக்கு அங்க ஒரு வேலை இருந்தது, தூண எண்ணினான். 96 வந்தது. திரும்ப எண்ணினான், 96. அந்தப் பக்கமா போன பட்டர நிறுத்தி, "சாமி, நூறுன்னு சொல்றாங்க, நாலு தூண் குறையுதே, எங்க போச்சு?"ன்னு ரொம்ப சீரியஸா கேக்கறான். அவர் ஒரு நிமிஷம் அவன ஏற இறங்க பாத்தாரு. "நீங்க வர லேட்டாயிடுத்து, அதுங்க கடைசி பஸ்ஸுக்கு கிளம்பிடுத்து"ன்னுட்டு போயிட்டாரு.

முரளி மூணாவது தடவை எண்ண ஆரம்பிச்சான்.