வழக்கமான இன்சுலின் கிடைக்காதபோது: இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொண்டுவந்த இன்சுலின் தீரப்போகிறது. பார்மசியில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள், அல்லது அந்தப் பெயரே தெரியவில்லை என்கிறார்கள். கையில் இரண்டு வாரத்துக்கு மருந்து இருக்கும்போதே தேடத் தொடங்கிவிடுங்கள். கடைசி குப்பி வரை காத்திருக்காதீர்கள்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிராண்டை நம்பித் தேட வேண்டாம். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அது எல்லா நாட்டிலும் புரியும். லான்டஸ் என்பது கிளார்ஜின். அதே கிளார்ஜின் பாசக்ளார், செம்க்ளீ என்ற பெயர்களிலும் விற்கிறது. நோவோராபிட் என்பது அஸ்பார்ட், ஹியுமலாக் என்பது லிஸ்ப்ரோ. இவை வேறு வேறு மருந்துகள்தான். ஆனால் இரண்டுமே சாப்பாட்டு நேரத்துக்கான வேகமான வகை என்பதால், ஒன்று இல்லாதபோது டாக்டர் மற்றதை எழுதித் தருவதுண்டு. வேகமானதற்குப் பதில் நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் வகையை எடுத்துப் போட்டுக்கொள்வது மட்டும் ஒருபோதும் கூடாது.

மிக்ஸ்டார்ட் 30 என்ற கலவை இன்சுலின் போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் அதை 2010 இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக நோவோமிக்ஸ் 30 கொடுத்தால், 30 என்ற எண்ணைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். மிக்ஸ்டார்ட் போட்டு அரை மணி கழித்துச் சாப்பிடுவோம். நோவோமிக்ஸ் போட்டதும் தட்டின் முன் உட்கார்ந்துவிட வேண்டும். பழைய பழக்கத்தில் காத்திருந்தால் சுகர் மளமளவென்று இறங்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது குப்பியின் வலிமை. இந்தியாவில் விற்கும் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் இருக்கும், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 யூனிட் குப்பிதான், ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். புதிய குப்பியிலிருந்து அதே அரை மி.லி.யை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. மாற்றிச் செய்தால், 40 குப்பிக்கு ஆரஞ்சு சிரிஞ்ச் வைத்தால், 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். பழைய குப்பி தீர்ந்த அன்றே மிச்சமிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சுகளையும் பாதுகாப்பாக அப்புறப்படுத்திவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்றால் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள்.

இன்சுலின் பேனாவிலும் இதே கவனம் வேண்டும். டூஜியோவும் கிளார்ஜின்தான், ஆனால் ஒரு மி.லி.க்கு 300 யூனிட். பேனாவுக்குள்ளிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுக்கவே கூடாது. ஒரு கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் இன்னொரு கம்பெனியின் பேனாவில் பொருந்தாமலும் போகலாம்.

பார்மசிக்குப் போகும்போது பழைய பெட்டியையும் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பேனா இல்லையென்றால் அதே மருந்து குப்பியாக இருக்கிறதா, வேறு கிளையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பார்மசிஸ்டையே டாக்டரை அழைத்துப் பேசச் சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அளவை நீங்களாக மாற்றாதீர்கள். எத்தனை யூனிட், எந்த நேரம் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய முதல் சில நாட்கள் தூங்கப்போகும் முன்னும் சேர்த்து அடிக்கடி சுகர் பாருங்கள்.

டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகை) உள்ளவர்கள் ஒரு நாள்கூட இன்சுலின் இல்லாமல் இருக்கக் கூடாது. மருந்து தீர்ந்து எங்கும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வேளை ஊசிக்கு முன்பே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாசனை இருந்தால் ஆம்புலன்ஸையே அழையுங்கள். டைப் 1 என்பதையும் கடைசி ஊசி எப்போது போட்டது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.