வாத்துக்குஞ்சு நொண்டுகிறதா? வீட்டிலேயே என்ன செய்யலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்தோ தெருவில் கூடையில் கொண்டுவருபவரிடமிருந்தோ ஒரு வாத்துக்குஞ்சு வீட்டுக்கு வருகிறது. கொஞ்ச நாள் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஒருநாள் எழுந்திருக்கவே யோசிக்கிறது, இரண்டடி வைத்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் நிறைய பேர் "சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். குஞ்சின் எலும்பு வேகமாக வளர்ந்து இறுகுகிறது, கோணலாக இறுகிய காலை நிமிர்த்துவது மிகவும் கடினம். அதே குஞ்சை முதல் சில நாட்களில் கவனித்தால் பெரும்பாலும் நடக்க வைத்துவிடலாம்.

படி 1: தூக்காமல் பாருங்கள்

முதலில் தரையில் விட்டு, பின்பக்கமாக உட்கார்ந்து அது நடப்பதைப் பாருங்கள். போனில் ஒரு வீடியோவும் எடுத்துவையுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும். இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்து வழுக்கிப் போகிறதா? கால் வில்லாக வளைந்து, மூட்டு வீங்கி, மூட்டின் மேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்கிறதா? ஒரு கால் மட்டும் மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திருகிக்கொண்டு நிற்கிறதா? இல்லை, பாதத்தை மட்டும் ஊன்றாமல் தூக்கிக்கொள்கிறதா? காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு, வைத்தியமும் வேறு.

அதன்பிறகு கையில் எடுங்கள். இரண்டு கையாலும் வயிற்றுக்கு அடியில் தாங்கி, இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாத்தின் கால் அதற்குத் தாங்காது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். பாதத்தின் அடியில் வெட்டு, முள், கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருக்கிறதா, விரலில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிய முடியை நுனி மழுங்கிய சின்னக் கத்தரியால் நிதானமாக வெட்டி எடுங்கள்.

படி 2: தரையை இன்றே மாற்றுங்கள்

நம் ஃப்ளாட்டுகளில் எல்லாம் டைல்ஸ். அதன் மேல் செய்தித்தாள் விரித்து குஞ்சை விட்டால், ஈரமான தாள் இன்னும் வழுக்கும். இடுப்பு விரிந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம். தாளை எடுத்துவிட்டு, துவைத்த சாக்கு, பழைய துண்டு, ரப்பர் மேட் என்று பிடிமானம் உள்ள எதையாவது போடுங்கள். நூல் பிரிந்து தொங்கும் துணி வேண்டாம். ஈரமானதும் மாற்ற வேண்டும். வாத்து தண்ணீரை எங்கும் இறைக்கும் என்பதால் இது தினமும் சில தடவை செய்கிற வேலைதான், சலிக்காமல் செய்யுங்கள். தண்ணீரும் தீவனமும் குஞ்சு நடக்காமலே எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் அலகும் மூக்குத் துளையும் முங்கும் ஆழம் இருந்தால் போதும்.

படி 3: நியாசின்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் வளைந்த கால், வீங்கிய மூட்டு, மூட்டில் உட்காரும் பழக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியாசின் என்கிற பி3 வைட்டமின் குறைவைத்தான். வாத்தின் உடல் இதைத் தானே தயாரித்துக்கொள்வது மிகக் குறைவு. கறிக்கோழிக் குஞ்சுக்குத் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 35 மில்லிகிராம் நியாசின் போதும், வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும். நாம் என்ன போடுகிறோம்? சோறு, பிரெட், பிஸ்கட். தீட்டிய அரிசியில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. தயிர்சாதம் பாசத்தோடு ஊட்டினாலும் கால் வளையத்தான் செய்யும்.

மெடிக்கல் ஷாப்பில் பி-காம்ப்ளெக்ஸ் காப்ஸ்யூல் கேளுங்கள். அட்டையில் நிகோடினமைடு (நியாசினின் ஒரு வடிவம்) 100 மில்லிகிராம் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 25 முதல் 40 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு, அதாவது காப்ஸ்யூலைப் பிரித்து கால்வாசிப் பொடியை, அல்லது அதைவிடச் சற்றே கூட, ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். தண்ணீர் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். தினமும் புதிதாகக் கலக்குங்கள். அந்த நேரத்தில் வேறு தண்ணீர் வைக்காதீர்கள், இல்லையென்றால் அதைத்தான் குடிக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சில நாட்களில் எழுந்து நிற்பது தெரியும். அதற்காக நிறுத்திவிடாமல் எட்டு, பத்து வார வயது வரை நியாசின் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தீவனத்தையும் மாற்றுங்கள். தீவனக் கடையில் கோழிக்குஞ்சுக்கான ஸ்டார்டர் தீவனம் கிடைக்கும், அதையே அடிப்படையாக வையுங்கள். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் வேண்டாம், அதில் உள்ள கால்சியம் குஞ்சுக்கு மிக அதிகம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூடவே வேகவைத்து மசித்த பச்சைப் பட்டாணி, உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் கொஞ்சம் கொடுக்கலாம். கருவாடு கூடாது, உப்பு ஆகாது. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) பொடி கிடைத்தால் தீவனத்தில் தூவலாம், ஆனால் ரொட்டி செய்கிற ஈஸ்ட் அது இல்லை, அதைப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தீவன மூட்டை பூசணம் பிடிக்கும். பூசணத்தின் நஞ்சு வாத்தை மற்றக் கோழியினங்களைவிடச் சீக்கிரம் தாக்கும் என்பதால், வாடை மாறிய தீவனத்தை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

படி 4: விரிந்த காலுக்குக் கட்டு

இரண்டு காலும் பக்கவாட்டில் விரிகிற, சில நாள் வயதுக் குஞ்சுக்கு மட்டும் இது. மைக்ரோபோர் டேப்பை (காயக் கட்டுக்கு ஒட்டும் காகித டேப்) ஒல்லியாக நறுக்கி, மூட்டுக்கும் பாதத்துக்கும் நடுவில் இரண்டு காலையும் எட்டு வடிவில் இணைக்க வேண்டும். தோலில் உரசாமல் அடியில் கொஞ்சம் பஞ்சு. கால்களுக்கு நடுவே இடைவெளி இடுப்பின் அகலத்துக்கு இருக்கட்டும், ஒட்டிவைத்தால் விழுந்துவிடும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கட்டினால் சுலபம். பாதம் வீங்கினாலோ, சில்லென்று ஆனாலோ, நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். தினமும் பிரித்துப் பார்த்து புதிதாகக் கட்டுங்கள். சின்னக் குஞ்சுக்குப் பெரும்பாலும் நான்கைந்து நாளில் பலன் தெரியும். கட்டோடு தண்ணீரில் விடக்கூடாது.

படி 5: தண்ணீரில் பயிற்சி

கட்டு இல்லாத, சோர்ந்துபோகாத குஞ்சுக்கு இது நல்ல உதவி. ஒரு டப்பில், பாதம் தரையில் படாத அளவு வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் உங்கள் கை. எடை தாங்காமல் காலை அடிக்கப் பழகும். சில நிமிடம் போதும், காலையும் மாலையும். மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சென்னையில் சுடும், கையை விட்டுப் பார்க்காமல் குஞ்சை விடாதீர்கள். தாய் இல்லாமல் வளரும் குஞ்சின் உடம்பில் தண்ணீர் ஒட்டாத எண்ணெய்ப் பூச்சு இருக்காது, அதனால் வெளியே எடுத்ததும் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள்.

படி 6: எப்போது டாக்டர்

ஒரு கால் திருகி, மூட்டின் பின்பக்கம் வீங்கியோ தட்டையாகவோ இருந்தால் தசைநார் இடம் விட்டு நகர்ந்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். எலும்பு முறிவு, பாதத்தில் சீழ், தின்ன மறுப்பது, கழுத்து தொங்குவது, தலை பின்னால் வளைந்து கால் உதைத்துக்கொண்டு விழுவது எதுவானாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். கோடையில் தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடித்த வாத்துக்குக் கால் தளர்ந்து, பிறகு கழுத்தும் தளர்ந்தால் அது பாட்டுலிசம் என்கிற நஞ்சாக இருக்கலாம், அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் திடீரென்று செத்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் அவற்றின் இறந்த உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது, அதனால்தான் 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது. பறவைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றால், வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே கிளம்புங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துண்டை மடித்து விரித்து, குஞ்சு உருளாமல் இருபக்கமும் துணி அணைத்து வைத்து, ஒரு பிடி தீவனத்தையும், கொடுத்துவந்த காப்ஸ்யூலின் அட்டையையும், அந்த வீடியோவையும் எடுத்துப் போங்கள்.