திட மை பிரிண்டர்: மை வீணாவது எங்கே?

கட்டியான மையை உருக்கி அச்சடிக்கும் திட மை பிரிண்டர் வைத்திருக்கும் அலுவலகங்களில் மைச் செலவு எகிறினால் முதலில் வரும் உத்தரவு, "கலரில் அச்சடிக்காதீர்கள்" என்பதுதான். அந்த உத்தரவுக்கு முன் இயந்திரத்தின் கழிவுத் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். நான்கு நிறங்களும் கலந்து அழுக்கு நிறத்தில் உறைந்த பாளம் ஒன்று அதில் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய மை, ஒரு தாளைக்கூடத் தொடாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சிக்கனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1991-இல் ஃபேசர் III என்ற பெயரில் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. 2000-இல் அந்நிறுவனத்தின் கலர் பிரிண்டர் பிரிவு ஜெராக்ஸ் வசம் போனது. ஃபேசர் 8560, கலர்கியூப் 8570 போன்றவை அந்த வரிசையில் வந்தவை. கார்ட்ரிட்ஜ் கிடையாது, மெழுகு போன்ற மைக்கட்டிகளை நேரடியாகப் போட வேண்டும். இப்போது இந்த வகை இயந்திரங்கள் புதிதாக விற்பனைக்கு வருவதில்லை. ஆகவே கையில் இருக்கும் கட்டிகளை வீணாக்காமல் பயன்படுத்துவது முன்னைவிட முக்கியம்.

தவறுகளில் தலையாயது, தினமும் மாலையில் பிரிண்டரை அணைப்பது. கடைசியாகக் கிளம்புபவர் விளக்கு, மின்விசிறி, ஏ.சி. என்று அணைத்துக்கொண்டே வந்து பிரிண்டரின் சுவிட்சையும் தட்டிவிட்டுப் போகிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பதை மையில் இழக்கிறார். இந்தப் பிரிண்டரில் மையை நுண்துளைகள் வழியாகத் துளித்துளியாக உமிழும் பகுதியான அச்சுத் தலைக்குள் மை எப்போதும் சூட்டில் உருகிய நிலையிலேயே நிற்கிறது. அணைத்ததும் அது ஆறி, உறைந்து, சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. மறுநாள் காலை இயங்கத் தொடங்கும்போது, அந்தக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதற்காக இயந்திரம் கொஞ்சம் மையை நுண்துளைகள் வழியாகத் தள்ளி, துடைத்து, கழிவுத் தட்டில் விடுகிறது. அன்றைக்கு அச்சடிக்கப்போவது ஒரே ஒரு கடிதம் என்றாலும் நான்கு நிறங்களிலும் இது நடக்கிறது. சூடேறும் வரை கால் மணி நேரம் காத்திருப்பது தனி.

அணைக்காமல் விட்டால் பிரிண்டர் தானே ஓய்வு நிலைக்குப் போய் வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் எந்த நேரத்தில் வேலை அதிகம் என்பதைக் கவனித்து, அதற்கு முன்பாகவே தயாராகிக்கொள்ளும் வசதியும் பல மாடல்களில் உண்டு. மின்கட்டணம் சற்றுக் கூடும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரவுக்கோ சனி, ஞாயிறுக்கோ அணைக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. நீண்ட விடுமுறை என்றால் அணைக்கலாம். நீடிக்கும் மின்தடையும் அணைத்ததற்குச் சமம் என்பதால், ஜெனரேட்டர் இருக்கும் இடங்களில் பிரிண்டரை அந்த இணைப்பில் வைப்பது நல்லது. அதன் மின்சுமையை எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடச்சுட இருக்கும் பிரிண்டரை அடுத்த மேசைக்கு நகர்த்துவது இதைவிட ஆபத்தானது. உள்ளே உருகிய மை தளும்பிச் சிந்தினால் மை மட்டுமல்ல, இயந்திரமே வீணாகலாம். இடம் மாற்றுவதற்கென்றே மெனுவில் தனியாக ஒரு நிறுத்தும் முறை இருக்கிறது. அதைக் கொடுத்து, முழுவதும் ஆறிய பிறகே தூக்க வேண்டும்.

அடுத்தது, பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தவுடன் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. ஒவ்வொரு முறையும் மை கழிவுத் தட்டுக்குத்தான் போகிறது. முதலில் கோடுகளைக் காட்டும் சோதனைப் பக்கத்தை அச்சடித்து, எந்த நிறத்தில் குறை என்று பாருங்கள். ஃபேசர் 8560 போன்றவற்றில் குறிப்பிட்ட நிறத்தை மட்டும் சுத்தம் செய்ய முடியும். மஜெந்தாவில் (கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு) ஒரு துளை அடைத்ததற்கு எல்லா நிறத்தையும் கொட்ட வேண்டியதில்லை. எத்தனை முறை செய்தும் அடைப்பு நீங்காவிட்டால், அடைபட்ட துளையின் வேலையைப் பக்கத்துத் துளைகளிடம் ஒப்படைக்கும் அமைப்பு மெனுவில் இருக்கும். அதை இயக்கிவிட்டு வேலையைத் தொடரலாம்.

மைக்கட்டி விஷயத்தில் நடப்பவை கேட்கவே வேதனையானவை. மாடலுக்கு மாடல், நிறத்துக்கு நிறம் கட்டியின் வடிவம் வேறு. தவறானது உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மலிவாகக் கிடைத்தது என்று வேறு மாடலின் கட்டியை வாங்கி, கத்தியால் செதுக்கிப் பொருத்தப் பார்க்கிறார்கள். உதிரும் துகள் பக்கத்து நிறத்தின் கட்டிக்கான பள்ளத்தில் விழுந்தால் நிறம் கலங்கும். கட்டி வழியில் சிக்கிக்கொண்டால் செலவு மையோடு நிற்காது. கழிவுத் தட்டில் உறைந்ததை எடுத்து மறுபடியும் உள்ளே போடுவதும் அப்படித்தான். தூசியும் காகிதத் துணுக்கும் கலந்த அந்த மை அச்சுத் தலையைப் பாழாக்கிவிடும். அதைக் குப்பையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அச்சடித்த தாளே வீணாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. நிறுவனத்தின் கடிதத்தாளைத் திட மையில் அழகாக அச்சடித்து, பிறகு அதே தாளை லேசர் பிரிண்டரில் விட்டுக் கடிதம் அடிக்கிறார்கள். லேசர் பிரிண்டரின் சூட்டில் இந்த மை மறுபடி இளகி, தாளும் கெட்டு, உருளைகளிலும் ஒட்டிக்கொள்கிறது. சூடான லேமினேஷனுக்கும் இது ஒத்துவராது. சாதாரண அலுவலகக் கடிதங்களுக்கு டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் கணினி மென்பொருள்) கறுப்பு-வெள்ளை என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறப் பகுதிகளுக்குக் கலர் மைகளைக் கலக்காமல் பிரிண்டர் கறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

பழைய இயந்திரம் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு: கலர்கியூப் 8570-உம் 8870-உம் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வந்த காலத்தில் 8870-இன் விலை அதிகம், அதன் மை மலிவு. 8570 அதற்கு நேரெதிர். ஒன்றின் கட்டி மற்றதற்குப் பொருந்தாது. இயந்திரத்தின் விலையைப் பேசி முடிப்பதற்கு முன், அந்த மாடலுக்கு உரிய நான்கு நிறக் கட்டிகளும் இப்போது என்ன விலைக்கு, எத்தனை கிடைக்கின்றன என்று விசாரித்துவிடுங்கள். வாரத்துக்கு நாலைந்து தாள் மட்டுமே அச்சடிக்கும் அலுவலகம் என்றால் இந்த வகையே வேண்டாம், சாதாரண லேசர் பிரிண்டர் போதும்.