இங்கிலாந்துக்குப் புதியவரா? 'யெஸ்' சொல்வதில் அவசரம் வேண்டாம்

பெரியவர் பேசும்போது குறுக்கிடாமல் தலையாட்டுவது நமக்கு மரியாதை. இங்கிலாந்தில் அந்தத் தலையாட்டலால் வம்பு வரும். பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று அவர்களுக்குப் பிடிபடாது. மேலும் கீழும் ஆட்டினாலோ, ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு வேலையை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். கவனித்துக் கேட்கிறேன் என்று காட்ட 'ரைட்', 'ஐ சீ' போதும்.

இவர்கள் மறுப்பை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலச் சொல்வார்கள். 'ஐம் நாட் ஷ்யூர் அபவுட் தட்' என்பது பெரும்பாலும் சந்தேகம் அல்ல, உடன்பாடில்லை என்பதுதான். 'இன்ட்ரஸ்டிங்' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினால் உங்கள் யோசனை அத்தோடு சரி. 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் அடுத்து வரும் வாக்கியத்தில் மரியாதையைத் தேடாதீர்கள். 'நாட் பேட்' மட்டும் நேர்மாறு. அது நல்ல பாராட்டாகவே இருக்கக்கூடும்.

நீங்கள் மறுக்கும்போது 'யூ ஆர் ராங்' வேண்டவே வேண்டாம். 'ஐ சீ யுவர் பாயிண்ட், பட்...' என்று ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் 'வுட் இட் பி பெட்டர் இஃப்...' என்று கேள்வியாகக் கேட்கலாம். மேலாளரிடமும் இப்படிப் பேசலாம். வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு முணுமுணுப்பதைத்தான் அவர்கள் விரும்புவதில்லை.

நம்மைக் கவிழ்ப்பவை எதிர்மறைக் கேள்விகள். 'டோன்ட் யூ டேக் சுகர்?' என்று கேட்டால், 'ஆமாம், போடுவதில்லை' என்ற நினைப்பில் 'யெஸ்' வந்துவிடும். கூடவே சர்க்கரை போட்ட தேநீரும் வரும். 'நோ, ஐ டோன்ட்' என்பதே சரி. ரயிலில் ஒருவர் 'டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்கிறார். உட்காரட்டும் என்று 'யெஸ்' சொன்னால், ஆட்சேபம் உண்டு என்று பொருள். 'நோ, நாட் அட் ஆல்' என்று இடம் கொடுங்கள்.

கூச்சத்தால் பணம் போகும் இடம் வாடகை வீடு. இங்கே 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட் 5 வார வாடகையைத் தாண்டக்கூடாது. ஏஜென்ட் இரண்டு மாத வாடகை கேட்டால், 'ஐ தாட் தி லிமிட் வாஸ் ஃபைவ் வீக்ஸ்' என்று சாந்தமாகச் சொல்லுங்கள். இந்த 'ஐ தாட்' அவர் பின்வாங்க வழிவிடும். வீட்டில் உள்ள பொருட்களையும் அவற்றின் நிலையையும் குறித்த பட்டியல் ஒன்றும் தருவார்கள். அதில் கார்பெட் நல்ல நிலை என்று இருக்கிறது, ஜன்னலோரம் காபிக் கறை கண்ணில் படுகிறது என்று வையுங்கள். வந்த அன்றே எதற்கு மனக்கசப்பு என்று கையெழுத்துப் போட்டால், காலி செய்யும்போது அந்தக் கறைக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைக்கலாம். படம் எடுத்து, 'ஐ டோன்ட் க்வைட் அக்ரீ வித் தி நோட் ஆன் தி கார்பெட்' என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த 'க்வைட்' இருந்தால் மறுப்பு உறைக்காது, ஆனால் பதிவாகிவிடும்.

மருத்துவர் 'இஸ் தட் ஓகே?' என்று கேட்கும்போது, புரியாவிட்டால் 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலத்தில் சமாளிக்க முடியாது என்றால், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். என்ஹெச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சையில் அதற்குக் கட்டணம் இல்லை.