பென்சில்வேனியாவில் பெற்றோருக்குத் தபால் வாக்கு: பதிவிலிருந்து பெட்டி வரை

அப்பாவும் அம்மாவும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு, அவர்களுடைய முதல் தபால் வாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவினேன். அப்புறம் எக்ஸ்டன் பக்கம் தெரிந்த சில குடும்பங்களுக்கும். எல்லா வீட்டிலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன, அதனால் எழுதி வைக்கிறேன். இது பென்சில்வேனியாவுக்கு மட்டும். பக்கத்திலிருக்கும் நியூ ஜெர்சியில்கூட விதிகள் வேறு.

ஆரம்பத்திலேயே ஒன்று: கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. கோயில் விழாவிலோ கடை வாசலிலோ யாராவது படிவத்தை நீட்டினால் மரியாதைக்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் பதிவு செய்வது நாடு கடத்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம். குடியுரிமை உறுதிமொழி எடுத்து முடித்த பிறகுதான் பதிவு.

படி 1: பதிவு

மாநில அரசின் இணையதளத்திலேயே செய்துவிடலாம். காகிதப் படிவத்தைவிட இதுதான் நல்லது. கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்ற பேச்சே வராது. டிரைவிங் லைசென்ஸ் எண் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து கடைசியில் நிற்கும். எந்த அட்டையின் எண்ணைக் கொடுக்கிறீர்களோ, அதில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்கள்.

தேர்தலுக்கு 15 நாள் முன்பு பதிவு முடிந்துவிடும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அக்டோபர் 19 கடைசி நாள். கட்சி எதுவும் குறிப்பிடாமல் பதிவு செய்தால் வசந்தகாலத்து உட்கட்சித் தேர்தலில் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. இதையும் வீட்டில் விளக்கிச் சொல்லுங்கள்.

படி 2: வாக்குச்சீட்டு கேட்டு விண்ணப்பம்

பதிவு செய்தால் சீட்டு தானாக வீட்டுக்கு வராது. அதற்குத் தனி விண்ணப்பம். 2019-இல் வந்த சட்டத்தின்படி யாரும் காரணம் சொல்லாமலே தபால் வாக்கு கேட்கலாம். தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். மின்னஞ்சல் முகவரியை அவசியம் கொடுங்கள். உறையில் ஏதாவது குறை இருந்தால் அதன் வழியாகத்தான் சீக்கிரம் தெரியவரும்.

படி 3: இரண்டு உறைகள்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. கறுப்பு பால்பாயிண்ட் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல் பேனா வேண்டாம், மை ஈஷிக்கொள்ளும். கட்டத்தை முழுதாக நிரப்புங்கள்.

நிரப்பிய சீட்டு முதலில் உள் உறைக்குள் போகும். வாக்கு யாருடையது என்று தெரியாமல் காக்கும் ரகசிய உறை அது. அதை ஒட்டி, முகவரி அச்சிட்ட வெளி உறைக்குள் வைக்க வேண்டும். உள் உறை இல்லாமல் வரும் சீட்டை எண்ணக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. உள் உறைமேல் வாக்காளர் யார், எந்தக் கட்சி என்று காட்டும் எழுத்தோ குறியோ இருந்தாலும் வாக்கு செல்லாது. நம் பெரியவர்களுக்கு எந்தக் காகிதத்தை எடுத்தாலும் மேலே பிள்ளையார் சுழி போடும் வழக்கம் உண்டு. பேனா கைக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: சீட்டிலும் வேண்டாம், உறையிலும் வேண்டாம்.

வெளி உறையில் கையெழுத்தும் தேதியும். இங்கே மாதம்தான் முதலில்: அக்டோபர் 5 என்றால் 10/05. பழக்கத்தில் 05/10 என்று எழுதிவிடுவார்கள். சிலர் பிறந்த தேதியைப் போடுவார்கள். தேதி தவறியதற்காக வாக்கைத் தள்ளலாமா என்று பல வருடங்களாக வழக்குகள் நடக்கின்றன. தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, கையெழுத்திடும் நாளின் தேதியைச் சரியாக எழுதுங்கள்.

ஆங்கிலம் படிக்க முடியாதவருக்கு அவர் விரும்பும் ஒருவர் உதவலாம் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். முதலாளியும் தொழிற்சங்கத்தின் ஆளும் மட்டும் கூடாது. வாசித்துக் காட்டுங்கள், பதவி என்ன வேலை என்று சொல்லுங்கள். "நீயே சொல்லுப்பா, யாருக்குப் போடட்டும்" என்று கேட்டால், பொறுமையாக மறுபடி வாசித்துக் காட்டுங்கள். வாக்கு அவர்களுடையது.

படி 4: கொண்டுபோய்ச் சேர்ப்பது

"எப்படியும் அந்தப் பக்கம்தானே போறே, எங்களோடதையும் போட்டுடு." எல்லா வீட்டிலும் கேட்கும் குரல் இது. போடக்கூடாது. பென்சில்வேனியாவில் அவரவர் உறையை அவரவர்தான் சேர்க்க வேண்டும். கணவன் மனைவிக்குக்கூட இதுதான் விதி. உடல் இயலாமையால் வர முடியாதவர் மட்டும், அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டு ஒருவரை நியமிக்கலாம். படிவம் கவுண்டி அலுவலகத்தில் கிடைக்கும். மற்றபடி பெற்றோரை வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள், பெட்டியில் அவர்கள் கையாலேயே போடட்டும்.

தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை கவுண்டி அலுவலகத்திலோ அவர்கள் வைத்த பெட்டியிலோ இருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. கடைசி வாரம் ஆகிவிட்டால் நான் தபாலை நம்ப மாட்டேன், பெட்டிதான். பெட்டி எங்கே, எத்தனை மணி வரை என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். உறை போய்ச் சேர்ந்ததா என்று மாநில இணையதளத்தில் பார்க்கலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள்.

சீட்டு வந்த பிறகு நேரிலேயே வாக்களிக்க ஆசைப்பட்டால், சீட்டையும் வெளி உறையையும் வாக்குச்சாவடிக்கு எடுத்துப் போய் ஒப்படைத்தால் போதும். அவை கையில் இல்லையென்றால் தற்காலிகச் சீட்டுதான் தருவார்கள், அதைச் சரிபார்த்த பிறகுதான் எண்ணுவார்கள். உள் உறை விடுபட்டு வாக்கு தள்ளப்பட்டவரும் தற்காலிகச் சீட்டில் வாக்களிக்கலாம், அது எண்ணப்படும் என்று மாநில உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் சொன்னது.

பெற்றோர் அக்டோபரிலேயே சென்னைக்குக் கிளம்பிவிட்டால்? வெளிநாட்டிலிருக்கும் குடிமக்களுக்கென்று ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன் என்ற தனி விண்ணப்பம் இருக்கிறது. அதில் சீட்டை மின்னஞ்சலில் வாங்கலாம், ஆனால் திருப்பி மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. அச்சிட்டு, கையெழுத்திட்டு, காகிதமாகவே அனுப்ப வேண்டும். சென்னையிலிருந்து என்றால் சாதாரணத் தபாலைவிடக் கூரியரைத்தான் சொல்வேன்.