டிஸ்கோ, சோல், சாஃப்ட் பாப்: ஆறு பாட்டில் தொடங்குவது எப்படி?

எழுபதுகளின் மேற்கத்தியப் பாட்டுகளைக் கேட்டுப் பழகலாம் என்று உட்கார்ந்ததும் முதலில் நான் செய்தது, நூறு டிஸ்கோ பாட்டு கொண்ட ஒரு பட்டியலை ஓடவிட்டதுதான். பன்னிரண்டாவது பாட்டிலேயே அலுத்துவிட்டது. எல்லாம் ஒரே டங்கு டங்கு. கோளாறு பாட்டில் இல்லை, என் காதில் என்று பிறகுதான் புரிந்தது. யார் பாடியது, வரி என்ன, மெட்டு எப்படி என்றே கேட்டுப் பழகிய காது அது. இந்த இசையில் சங்கதி கீழே இருக்கிறது, பேஸ் கிட்டாரிலும் டிரம்ஸிலும். அங்கே காதை வைத்துவிட்டால் ஆறு பாட்டு போதும். (இளையராஜாவின் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கிற கூட்டம் நம்மிடம் உண்டு. அவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது.)

படி 1: போன் ஸ்பீக்கர் வேண்டாம்

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனுக்குள் இருக்கும் துக்கடா ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. விலை அதிகமானது எதுவும் தேவையில்லை, காதில் இறுக்கமாக உட்காரும் சாதாரண இயர்போன் போதும். தளர்ந்திருந்தால் பேஸ் வெளியே போய்விடும். ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள்.

படி 2: பழைய பதிவா என்று பாருங்கள்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூலப் பதிவின் உரிமை பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியிடம் இருக்கும் என்பதால், பல பாடகர்கள் தங்கள் பழைய பாட்டையே பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்திருக்கிறார்கள். தேடினால் சில சமயம் அதுதான் முதலில் வந்து நிற்கும். 'ரீ-ரெக்கார்டட்' என்று போட்டிருந்தால் தள்ளிவிடுங்கள். 'ரீமாஸ்டர்' என்றால் பயமில்லை, அதே பழைய டேப்பிலிருந்து ஒலியைச் சீர்செய்தது. ஒரு மாதம் முழுக்க மறுபதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, "இதையா கொண்டாடினார்கள்?" என்று அங்கலாய்த்த ஆள் நான்.

படி 3: டெட்ராய்ட்

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவர் தேவாலயப் பாட்டின் உணர்ச்சியோடு வளர்த்தெடுத்த இசை. அதில் முதல் பாட்டு டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்', 1964. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி 1959-ல் தொடங்கிய மோடவுன் ரெக்கார்டு கம்பெனியின் வெளியீடு. ஸ்டூடியோ இருந்ததே ஒரு வீட்டில்தான்.

மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை எப்போதும்போல். இரண்டாம் தடவை பாடகரை விட்டுவிட்டு, தொடக்கத்தில் தனியாக வரும் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டுவார். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால், அந்த விரலின் மேல்தான் மொத்தப் பாட்டும் உட்கார்ந்திருப்பது தெரியும். மோடவுன் ஆல்பங்களில் வாத்தியக்காரர்களின் பெயரே வெகுகாலம் வரவில்லை. மோடவுன் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பமான 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான் ஜேமர்சனின் பெயர் அச்சானது.

படி 4: ஃபிலடெல்பியா

சோல் எங்கே டிஸ்கோவாக மாறுகிறது என்று கேட்க வேண்டுமானால், ஃபிலடெல்பியா குழுவான ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி ப்ளூ நோட்ஸின் 'தி லவ் ஐ லாஸ்ட்', 1973. டிரம்ஸ் எர்ல் யங். ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) 'டும்', இரண்டு அடிக்கு நடுவில் ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) 'ட்சீ'. டும்-ட்சீ, டும்-ட்சீ. காலால் கிக்கையும் விரலால் ஹை-ஹாட்டையும் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். பாட்டு இழந்த காதலைப் பற்றியது, கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் உள்ள ஆறு நிமிடத்துக்கு மேற்பட்ட வடிவத்தையே எடுங்கள். ரேடியோவுக்கு வெட்டிய பதிப்பில் டிஸ்கோ சூடேறுவதற்குள் முடிந்துவிடும்.

படி 5: எந்திரத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு

இரண்டு பாட்டும் 1977. பீ ஜீஸின் 'ஸ்டேயிங் அலைவ்' பதிவின்போது டிரம்ஸ்காரர் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் 'நைட் ஃபீவர்' பாட்டுக்கு ஏற்கெனவே வாசித்திருந்த டேப்பில் ஒரு துண்டை வெட்டி, வளையமாக ஒட்டி, அதையே சுற்றவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் 'பெர்னார்ட் லூப்' என்று உறையில் போட்டார்கள். லூப் என்றால் வளையம்; அந்தச் சொல்லையே ஆளாக்கிய குறும்பு. மனிதர் அடித்ததுதான், ஆனால் இம்மியும் மாறாது. நிமிடத்துக்குச் சுமார் 103 அடி. இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியின் (சிபிஆர்) வேகத்தைப் பழக்க இந்தப் பாட்டைச் சொல்வது அதனால்தான்.

அப்புறம் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்'. மியூனிக்கில் ஜார்ஜியோ மோரோடரும் பீட் பெல்லாட்டும் செய்தது. ஏறக்குறைய எல்லாமே மூக் சின்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. கிக் டிரம் மட்டும் கீத் ஃபோர்சி காலால் அடித்தது. இப்போது ஒரு காது இயர்போனைக் கழற்றுங்கள், பிறகு மற்றதை. பேஸ் ஒரு பக்கமும், துளி தாமதித்த அதன் எதிரொலி மறுபக்கமும் வரும். அந்தக் குதிரைப் பாய்ச்சல் இரண்டும் சேர்ந்து உண்டாக்குவது.

படி 6: 1979

அந்த ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, டிஸ்கோ பிடிக்காதவர்கள் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ செத்தது என்றார்கள். அடுத்த மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்'. பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸை முணுமுணுக்க முடியும்வரை கேளுங்கள். அதே பேஸ் வரியின் மேல்தான் அந்த ஆண்டிலேயே 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டு வந்தது. இந்த இடத்தில் டிஸ்கோவைத் தாண்டி ராப்புக்குள் காலை வைத்துவிட்டீர்கள்.

மேலே போக என் வழி: பிடித்த பாட்டைப் பாடியவரைத் தேடாமல், வாசித்தவரைத் தேடுங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் ரெக்கார்டு வாரியாக வாத்தியக்காரர் பெயர்கள் இருக்கின்றன. எர்ல் யங்கைத் தட்டினால் மாதக்கணக்கில் கேட்கச் சரக்கு கிடைக்கும்.

படி 7: விளக்கை அணைத்துவிட்டு

சாஃப்ட் பாப்பைக் கடைசியில் வைத்தேன், அது ராத்திரிக்கானது. 10சிசி குழுவின் 'ஐம் நாட் இன் லவ்', 1975, இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில் பதிவானது. பின்னால் மேகம்போல் நகர்வது சின்தசைசர் இல்லை, குரல். மூன்று பேர் ஒரே ஸ்வரத்தைப் பதினாறு தடவை பாடினால் நாற்பத்தெட்டு குரல். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பதிந்து, டேப் வளையங்களாகச் சுற்றவிட்டு, மிக்சர் மேசையின் ஃபேடர்களை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளை) ஏற்றி இறக்கியே அந்தக் குரல்களை வாசித்தார்கள். நடுவில் வாத்தியங்கள் அடங்கி, ஒரு பெண் குரல் கிசுகிசுக்கும். அது பாடகி இல்லை; அந்த ஸ்டூடியோவில் வரவேற்பாளராக இருந்தவர்.